முயல் தன் குட்டிகளைக் கைவிடுகிறதா?

ஒரு நாள் காலை முயல் கூண்டைத் திறக்கிறீர்கள். இரண்டும் பெண் என்று சொல்லி விற்கப்பட்ட முயல்களில் ஒன்று இரவோடு இரவாகக் குட்டி போட்டிருக்கிறது. கண் திறவாத, மயிர் முளைக்காத குட்டிகள் ஐந்து, ஒரு மூலையில் நெளிகின்றன. தாயோ மறுமூலையில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. குட்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்?

எங்கள் வீட்டில் இது நடந்தபோது, தாய் கைவிட்டுவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். குட்டிகளை எடுத்துவந்து, பசும்பாலில் நீர் கலந்து இங்க் பில்லரால் புகட்டினேன். இரண்டு நாளில் மூன்று குட்டிகள் இறந்தன. மற்ற இரண்டையும் உடனே தாயிடம் விடச் சொன்னார் கால்நடை மருத்துவர். அவை பிழைத்தன. அப்படியானால் என் கணிப்பில் எங்கே பிழை? விடை தேடிப் புறப்பட்டால் அது நம்மை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே கொண்டு செல்கிறது.

கப்பலில் பிறந்த குட்டிகள்

எதிர்பாராமல் முயல் குட்டி போடுவது புதிய செய்தியன்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்ச்சுகீசியர் அட்லாண்டிக் கடலிலுள்ள போர்ட்டோ சாண்டோ என்னும் சிறு தீவில் குடியேறச் சென்றனர். அவர்கள் கொண்டு சென்ற ஒரு பெண் முயல் நடுக்கடலில் குட்டிகளை ஈன்றது. தாயையும் குட்டிகளையும் தீவில் இறக்கிவிட்டனர். விளைவு என்ன தெரியுமா? அவை பெருகிப் பயிர்களை எல்லாம் தின்று தீர்த்தன; குடியேறியவர்கள் தீவை விட்டே வெளியேற நேர்ந்தது. சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட தம் நூலில் இவ்வரலாற்றைக் குறிப்பிட்டு, அத்தீவின் முயல்கள் உருவில் சிறுத்துப்போனதையும் ஆராய்ந்துள்ளார்.

இத்துணை வேகமாக முயல் பெருகுவது எப்படி? இங்கிலாந்தின் வால்டர் ஹீப் என்பவர் இதை ஆராய்ந்தவர்களுள் ஒருவர். ஒரு முயலின் கருவை வேறொரு முயலின் உடலில் வைத்துக் குட்டிகளைப் பிறக்கச் செய்து 1890இல் வெற்றி கண்டவர் இவரே. பெண் முயலின் கருமுட்டை மாதந்தோறும் தானாக வெளிப்படுவதில்லை; ஆணுடன் சேர்ந்து ஏறத்தாழ 10 மணி நேரம் கழித்தே வெளிப்படுகிறது என்பதை அவர் 1905இல் விளக்கினார். ஆகவே சேர்க்கை பெரும்பாலும் வீண்போவதில்லை. சினைக்காலம் சுமார் 31 நாள்கள்தாம். ஈன்ற அன்றே மறுபடி சினையாகவும் முயலால் முடியும்.

ஒரு நாளுக்கு ஒரு வேளை

இவ்வளவு அறிந்த பின்னரும், தாய் முயல் எத்தனை முறை பாலூட்டுகிறது என்ற எளிய கேள்விக்கு 1965இல்தான் தெளிவான விடை வந்தது. ஸாரோ, டெனன்பர்க், ஆண்டர்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதை அவ்வாண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரே ஒரு முறை! அதுவும் மூன்று முதல் ஐந்து நிமிடம்!

இது அலட்சியமன்று, தற்காப்பு. காட்டு முயல் வளைக்குள் குட்டி ஈனுகிறது. தாய் அங்கேயே கிடந்தால் அதன் வாடையை நரி மோப்பம் பிடித்துவிடும். ஆகையால் விரைந்து வந்து பாலூட்டி, வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு வேளைப் பால் ஒரு நாளுக்குப் போதுமா? போதும். முயற்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. நான் நீர் கலந்து புகட்டியது எத்தகைய உணவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கண் தெரியாத குட்டி இந்தச் சில நிமிடங்களுக்குள் முலைக்காம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாசனையால்தான். தாயின் பாலில் உள்ள 2-மெதில்பியூட்-2-ஈனால் என்ற ஒரே ஒரு வேதிப்பொருள் குட்டியை வாய் திறந்து தேடச் செய்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் பெனுவா ஷால் குழுவினர் 2003இல் காட்டினர்.

வெப்பக் கணக்கு

எஞ்சிய 23 மணி நேரத்துக்கும் மேலாகக் குட்டிகளைக் காப்பது யார்? இங்கே சிறிது இயற்பியல் தேவை. சூடான பால் அண்டாவில் இருப்பதைவிடத் தம்ளரில் விரைவில் ஆறிவிடும் அல்லவா? சிறிய பொருளுக்கு அதன் எடையோடு ஒப்பிடுகையில் பரப்பு மிகுதி. தாய் 2500 கிராம், குட்டி 50 கிராம் என்றும், இரண்டின் உருவமும் ஒத்தவை என்றும் கொள்வோம். எடை 50 மடங்கு குறைகிறது. ஆனால் ஒரு கிராமுக்குரிய பரப்பு 50இன் கனமூலமான ஏறத்தாழ 3.7 மடங்கு கூடுகிறது. போர்வையாக மயிரும் இல்லை. தனித்துக் கிடக்கும் குட்டி விரைவில் குளிர்ந்துவிடும்.

இதற்கும் தாய் முன்னரே வழி செய்துள்ளது. தன் மார்பிலும் வயிற்றிலும் உள்ள மயிரைப் பிடுங்கிக் கூட்டில் பரப்புகிறது. மயிரிடையே சிறைப்பட்ட காற்று ஓர் அரிதிற் கடத்தி. குட்டிகளோ ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்து, வெளியே தெரியும் பரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. ஓயாமல் நெளிந்து இடம் மாறுவதால் ஓரத்தில் கிடந்தது நடுவுக்கு வந்துவிடுகிறது. நான் அவற்றைக் கூட்டிலிருந்து எடுத்தபோது பாலை மட்டுமல்ல, இந்த வெப்பத்தையும் சேர்த்தே பறித்துவிட்டேன்.

நாம் செய்யக்கூடியது

ஆண் முயலை அன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள். வைக்கோல் இட்ட மரப்பெட்டியில், தாய் பிடுங்கிப் போட்ட மயிரோடு குட்டிகளை வையுங்கள். இறந்த குட்டி இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பூனை தன் குட்டியைக் கவ்விவரும்; முயல் அவ்வாறு செய்யாது. ஆகவே கூட்டுக்கு வெளியே நழுவிய குட்டியை நீங்கள்தாம் எடுத்து உள்ளே விடவேண்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று அஞ்சவேண்டாம். வளர்ப்பு முயலுக்கு உங்கள் வாடை பழகியதே.

நாள்தோறும் ஒரு முறை குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். ஒரு நாள் கடந்தும் வயிறு ஒட்டி, தோல் சுருங்கியிருந்தால் கால்நடை மருத்துவரை நாடுங்கள். வயிறு உருண்டு திரண்டிருந்தால் கூண்டை மூடிவிட்டு நிம்மதியாகப் போகலாம். நீங்கள் உறங்கிய நேரத்தில் தாய் வந்து போயிருக்கிறது.