கதிரை முதல் கந்தோர் வரை

வடமராட்சியில் உள்ள உடுப்பிட்டியின் அன்றாடப் பேச்சில் கதிரை, மேசை, வாங்கு, யன்னல், அலுமாரி, குசினி, பாண், சப்பாத்து ஆகிய சொற்கள் இயல்பாக வழங்குகின்றன. இவை போர்த்துக்கேயம் தந்தவை. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். நாற்பது ஆண்டுகளுக்குள் ஆட்சி முடிந்தாலும் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் நிலைத்துவிட்டன.

இச்சொற்களுக்கு ஐரோப்பாவில் உறவுகள் பல. கதிரையின் வேர், இருக்கையைக் குறிக்கும் ‘கதெட்ரா’ என்ற கிரேக்கச் சொல். ஆங்கிலத்தின் ‘சேர்’, ஆயரின் தலைமைக் கோவிலைக் குறிக்கும் ‘கதீட்ரல்’ இரண்டும் அதிலிருந்தே பிறந்தவை. பாண், இலத்தீனின் ‘பானிஸ்’ வழி வந்தது. ஸ்பானிய ‘பான்’, இத்தாலிய ‘பானே’ அதன் உடன்பிறப்புகள். குசினியும் ஆங்கிலக் ‘கிச்சன்’னும் ஒரே இலத்தீன் வேரின. நீள் இருக்கையான வாங்கு எதிர்த்திசையில் பயணித்தது: ஜெர்மானிய மொழிகளிலிருந்து இலத்தீன் குடும்பத்துக்குள் நுழைந்தது. இத்தாலிய நாணயமாற்றுநரின் வாங்கே பின்னர் ‘பாங்க்’ ஆயிற்று.

அலுவலகத்தைக் குறிக்கும், ஒல்லாந்தர் தந்த கந்தோர், பிரெஞ்சு வழியாக, எண்ணுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையைச் சேர்கிறது. ‘கவுண்டர்’, ‘கம்ப்யூட்டர்’ ஆகியவையும் அவ்வினையிலிருந்தே வந்தன.

ஆனால் தோற்ற ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. ‘உடைமை’ என்னும் பொருள் தரும் ஜெர்மன் ‘ஹாபென்’, இலத்தீன் ‘ஹபேரே’ இரண்டும் ஒத்திருந்தாலும் வேறு வேர்களைக் கொண்டவை. ஒழுங்கான ஒலிமாற்றமும் வரலாற்றுத் தொடர்புமே சொல்லுறவை உறுதிப்படுத்துகின்றன.