டேராடூன்: மசூரி முதல் தேவப்பிரயாகை வரை

வட இந்திய யாத்திரை என்றதும் நம்மவர் பலர் காசி, கயா, ஹரித்துவார் என்று பட்டியல் போடுவார்கள். ஹரித்துவாரிலிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் உள்ள டேராடூனைத் தங்குமிடமாக வைத்துக்கொண்டால் குளிர்மலை, கங்கைக்கரை, தமிழில் பாடப்பெற்ற தலம் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

2000-ஆம் ஆண்டில் உருவான உத்தராகண்ட் மாநிலத்தின் தலைநகர் இது. வடக்கே இமயமலை, தெற்கே சிவாலிக் குன்றுகள், கிழக்கே கங்கை, மேற்கே யமுனை, நடுவில் பள்ளத்தாக்கு. ‘டூன்’ என்றால் பள்ளத்தாக்கு, ‘டேரா’ என்றால் முகாம். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீக்கிய மரபில் வந்த ராம் ராய் இங்கே முகாமிட்டதால் வந்த பெயர். நகருக்குள்ளேயே தப்கேஷ்வர் கோயில் இருக்கிறது. குகைக்குள் இருக்கும் லிங்கத்தின் மேல் பாறையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

வளைந்து வளைந்து 35 கிலோமீட்டர் ஏறினால் மசூரி. உயரம் சுமார் 2,000 மீட்டர். நம் கேமரன் மலையின் தானா ராத்தாவைவிட 500 மீட்டருக்கு மேல் அதிகம். 1820-களில் ஆங்கிலேயர் உருவாக்கிய ஊர். வானம் தெளிந்திருந்தால் பனிமலைகள் தெரியும். மே, ஜூன் விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், வாகன நெரிசலில்தான் பாதி நாள் போகும்.

ரிஷிகேஷ் டேராடூனிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் இன்னும் கொஞ்சம் நெருக்கம். திருநெல்வேலி பத்தமடையில் 1887-இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913-இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். சிரம்பான் அருகே ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையிலும், பிறகு ஜோகூர் பாருவிலும் பத்தாண்டுகள் வைத்தியம் பார்த்தார். 1923-இல் எல்லாவற்றையும் விட்டுக் கிளம்பி, மறு ஆண்டு ரிஷிகேஷில் துறவு பூண்டார். அவர்தான் சுவாமி சிவானந்தர். 1936-இல் அவர் தொடங்கிய தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தின் ஆசிரமம் அங்கே கங்கைக்கரையில் இன்றும் இயங்குகிறது. ஹரித்துவாரின் ஹர் கி பௌரி படித்துறையில் மாலை ஆரத்தி பார்க்க, வெளிச்சம் இருக்கும்போதே போய் இடம் பிடியுங்கள்.

கேதார்நாத் போகவேண்டும் என்று ஆசைப்படும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் நிறைய. அது சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம். ஆனால் 3,500 மீட்டருக்கு மேல் உயரம், கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குக் குறையாத மலைப்பாதை, குறைவான ஆக்சிஜன். இதய நோய், மூச்சுத் திணறல் உள்ளவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. உடல் பழகுவதற்குள் உச்சிக்குப் போய்விடுவதே ஆபத்து. டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

முடியாதவர்களுக்குத் தேவப்பிரயாகை இருக்கிறது. ரிஷிகேஷிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர், கார் போகும் சாலை. கொந்தளித்து வரும் பாகீரதியும், அமைதியாக வரும் அலக்நந்தாவும் இங்கே கலந்த பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். பெரியாழ்வார் பாடிய ‘கண்டமென்னும் கடிநகர்’ இதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பெருமாள் கோயிலுக்கும் சங்கமத்துக்கும் படிகள் உண்டு, ஆனால் மூச்சு முட்டும் உயரம் இல்லை. கேதாரம் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர்களுக்கு ஒன்று: சம்பந்தரே திருக்காளத்தியில் இருந்தபடிதான் கேதாரத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம்.

கேதார்நாத், பத்ரிநாத் கோயில்கள் ஏப்ரல் இறுதி அல்லது மே மாதம் திறந்து, தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மூடப்படும். முன்பதிவு கட்டாயம். ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழை, மண்சரிவு; ஜூலை வாக்கில் காவடி எடுத்துக் கங்கைநீர் கொண்டுபோகும் கன்வர் யாத்திரைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2013 ஜூன் வெள்ளத்தில் கேதார்நாத் வழியில் ஆயிரக்கணக்கானோர் இறந்ததை மறந்துவிடக் கூடாது. பெரியவர்களை அழைத்துப் போக அக்டோபர்தான் நல்ல மாதம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், ரிஷிகேஷிலும் ஹரித்துவாரிலும் சைவச் சாப்பாடுதான்.