தீப்பொறி தாவும் வெளி



பெட்ரோல் எஞ்சினின் தலைப்பகுதியில் ஸ்பார்க் பிளக் திருகப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அதைத் தீப்பொறி தாவினால்தான் எரிபொருள் பற்றும், வண்டி நகரும். அச்சிறு வெளியை மனிதன் ஆளக் கற்ற வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

1860-இல் பிரான்சில் லெனுவார் என்பவர் தம் வாயு எஞ்சினில் மின்பொறியால் தீ மூட்டினார். விரைந்து சுழலும் எஞ்சின்களுக்குத் தவறாத பொறியைத் தருவதோ நெடுநாள் தீராத சிக்கலாக நின்றது. 1902-இல் ஜெர்மனியில், ராபர்ட் போஷின் தொழிற்சாலைப் பொறியாளர் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்குரிய பிளக்கையும் அமைத்து அதனைத் தீர்த்தார்.

இடைவெளிக்கு அளவு எதற்கு? பாஷென் என்ற ஜெர்மானிய அறிஞர் 1889-இல் இதற்கு விடை தரும் விதியை வெளியிட்டார். பொறி தாவ வேண்டிய மின்னழுத்தம், வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது என்பதே அது. சிலிண்டருக்குள் வாயு நெருக்கப்படுகிறது. ஆகவே இடைவெளி மிகுந்தால், வண்டி பாரம் இழுக்கையில் பொறி தவறும். குறைந்தாலோ, பிறந்த சிறு தீயின் வெப்பத்தை அருகிலுள்ள உலோகமே உறிஞ்சி அதனை அவித்துவிடக்கூடும்.

ஒவ்வொரு பொறியும் முனையைச் சிறிது அரிக்கிறது. நிக்கல் முனைகள் விரைவில் தேய்ந்து இடைவெளி அகலும். அவற்றைக் கழற்றி அளவு திருத்துவது பட்டறைகளின் வாடிக்கையான வேலை. இத்தேய்வைக் குறைக்க வந்ததே இரிடியம்.

1803-இல் இலண்டனில் டென்னன்ட் என்ற வேதியியலார், பிளாட்டினத் தாதுவை இராஜ திராவகத்தில் கரைத்தபின் எஞ்சிய கரிய வண்டலில் இவ்வுலோகத்தைக் கண்டார். இதன் உப்புகள் பல நிறம் காட்டியதால், கிரேக்கரின் வானவில் தேவதை ஐரிஸின் பெயரைச் சூட்டினார். பாஷெனின் விதி வெளிவந்த அதே 1889-இல் ஏற்கப்பட்ட மூல மீட்டர்க் கோலில் பத்தில் ஒரு பங்கு இரிடியமே. அக்கோல் 1960 வரை உலகின் நீள அளவாக விளங்கியது.

இரிடியம் உருக 2,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். எனவே முனையை மெல்லியதாக்கினாலும் அது எளிதில் தேயாது. 1990-களின் பிற்பகுதியில் ஜப்பானின் டென்சோ நிறுவனம் 0.4 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரிடியம் முனையை அமைத்தது. கூரிய முனையில் மின்புலம் செறிவதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி தாவும். மெல்லிய முனை தீயின் வெப்பத்தையும் குறைவாகவே உறிஞ்சும்.

ஆனால் இரிடியம் வளையாது, முறியும். ஆதலால் எஞ்சின் செய்தவர் குறித்த அளவை முதலில் அறிக. கம்பி அளவுகோலை மெல்ல நுழைத்துப் பார்க்க. அளவு சரியெனில் தொடாது விடுக. திருத்தவேண்டின் வெளிமுனையை மட்டும் சிறிதே வளைக்க. நடுமுனையை ஊன்றுகோலாக்கி நெம்பலாகாது. கடும் வெப்பத்தைத் தாங்கும் அம்முனை, பொறுமையற்ற ஒரு விரலின் நெம்புதலைத் தாங்காது. நுண்ணிய கருவியைக் கையாளப் பழகும் மாணவர் இதனை நினைவிற்கொள்வது நலம்.