சக்கர வீட்டுக்கு எந்த ஊர்?

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுபோகும் வண்டி. அமெரிக்காவில் அதை ஆர்.வி. என்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு, வருடம் முழுக்க அதிலேயே குடியிருக்கிறவர்களும் உண்டு. 2012-ல் மகனைப் பார்க்கப் போனபோது, வாடகைக்கு எடுத்த அப்படியொரு வண்டியில் அரிசோனாவில் நான்கு நாள் தங்கினோம். பக்கத்து வண்டியில் என் வயதுக்காரர் ஒருவர், மனைவியோடு.

முதல் நாள் மாலை அவர் ஒரு முக்காலியில் சின்ன டிஷ்ஷை மாட்டி, தெற்குப் பக்கம் பார்த்துத் திருப்பித் திருப்பி அலுத்துப்போனார். படம் வரவில்லை. என் மகன் போய்ப் பார்த்தான். கோளாறு டிஷ்ஷில் இல்லை. வண்டியின் பக்கவாட்டில் இருந்த இரண்டு துளைகளில் தவறானதில் ஒயரைச் செருகியிருந்தார்.

இது ஏன் என்று மகன் சொன்ன விளக்கம் நம் வயதுக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். 1980-களில் காரைக்கால் பக்கம் ரூபவாஹினி பார்க்க மொட்டைமாடியில் உயரமான ஆன்டெனாவும் பூஸ்டரும் வைத்தோமே, அதே மாதிரி இந்த வண்டியின் கூரையிலும் ஒரு சாதாரண ஆன்டெனா இருக்கிறது. அதன் பூஸ்டருக்கு 12 வோல்ட், படம் வரும் அதே ஒயர் வழியாகத்தான் மேலே போகிறது. டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.க்கும் மின்சாரம் வேண்டும். அதை அனுப்புவது செட் டாப் பாக்ஸ்: 13 வோல்ட் அல்லது 18 வோல்ட். எந்த வோல்ட் வருகிறது என்பதை வைத்துத்தான் எந்த வரிசைச் சானல்களைப் பிடிப்பது என்று எல்.என்.பி. தெரிந்துகொள்கிறது. இந்த ஒயர் நடுவில் பூஸ்டர் சுவிட்ச், ஸ்பிளிட்டர் வழியாகப் போனால் அந்த மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். எனவே டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு நேராக ஒரு தனி ஒயர். டிவிக்கு அதற்குப் பிறகுதான். ஒயரை மற்ற துளைக்கு மாற்றினார்கள், இரண்டு நிமிடத்தில் படம் வந்தது. வந்தது நியூயார்க் நகரத்துச் செய்தி.

அரிசோனாவில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் செய்தி ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கோப்பை எடுத்து வந்து காட்டினார். கோப்பைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும், பழைய குமாஸ்தா. அதைப் படித்த பிறகுதான் இதற்குப் பின்னால் இருக்கும் சரித்திரத்தைத் தேடினேன்.

1976-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெய்லர் ஹோவார்ட், கலிஃபோர்னியாவில் தன் வீட்டிலேயே டிஷ் ஒன்றைச் செய்து, கேபிள் கம்பெனிகளுக்காக அனுப்பப்பட்ட படத்தைப் பிடித்தார். நேர்மையான மனிதர். பார்த்ததற்குக் கட்டணமாக எச்.பி.ஓ.வுக்கு 100 டாலர் காசோலை அனுப்பினார். தனி ஆட்களிடம் நாங்கள் வாங்குவதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். 1979-ல் டிஷ்ஷுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று அரசாங்கம் விட்டுவிட்டது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் பட்டியலில் நீமன் மார்கஸ் கடை விற்ற டிஷ்ஷின் விலை 36,500 டாலர்! 1994-ல் டைரெக்டிவி வந்தபோதுதான் 18 அங்குல டிஷ் வந்தது. கையில் தூக்கிப்போகலாம் என்றானதும் கேரவன்காரர்கள் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அங்கேதான் சட்டம் விழித்தது. ஒவ்வொரு ஊரின் டிவி நிலையமும் தன் ஊர் விளம்பரத்தை நம்பிப் பிழைக்கிறது. வெளியூர் நிலையத்தைச் செயற்கைக்கோள் கொண்டுவந்து கொட்டினால் உள்ளூர்க்காரன் கதி? ஆகவே 1988 சட்டம், கூரை ஆன்டெனாவில் உள்ளூர் நிலையம் சரியாக எட்டாத வீட்டுக்கு மட்டுமே வெளியூர் நிலையத்தைத் தரலாம் என்றது. தகுதியில்லாத வீடுகளுக்கும் கொடுத்த பிரைம்டைம் 24 நிறுவனத்துக்கு எதிராக 1998-ல் மயாமி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணைப்பு போகப்போகிறது என்றதும் ஜனங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, இன்று இங்கே, நாளை முந்நூறு மைல் தள்ளி நிற்கும் வண்டிக்கு உள்ளூர் எது? பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். பிரெஞ்சுக்காரர்கள் "சான் தொமிசில் ஃபிக்ஸ்" என்று சொல்வார்கள், நிலையான இருப்பிடம் இல்லாதவர். வீடில்லாத ஏழையைத்தான் அப்படிச் சொல்வது வழக்கம். இங்கே வங்கியில் பணத்தோடு அப்படி ஒரு கூட்டம்!

1999 நவம்பரில் வந்த திருத்தச் சட்டம் இவர்களுக்கென்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கேரவனுக்கும் சரக்கு லாரிக்கும் வெளியூர் நிலையத்தைத் தரலாம். ஆனால் கேரவனுக்கு இரண்டு காகிதம் வேண்டும்: வண்டிப் பதிவுச் சான்றின் நகல், கையெழுத்திட்ட உறுதிமொழி. டிஷ் வண்டியில் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது, எந்த நிலையான வீட்டிலும் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதித் தரவேண்டும். ஒரே இடத்தில் ஊன்றிவிட்ட மொபைல் ஹோமுக்கு இது கிடையாது.

நான் உறுதிமொழியைப் படித்தேன். வெளியே முக்காலியைப் பார்த்தேன். "நிரந்தரமாகப் பொருத்தப்பட்டது" எங்கே? என் மேஜைக்கு அந்தக் காகிதம் வந்திருந்தால் திருப்பியிருப்பேன். பணியில் இருந்தபோது இதைவிடச் சின்ன ஓட்டைக்கெல்லாம் இருப்பிடச் சான்று மனுக்களைத் திருப்பியவன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். "கூரையில் வைத்தால் மரம் மறைக்கிறது ஐயா. எனக்கு வேறு வீடும் இல்லை, இந்த டிஷ்ஷுக்கும் வேறு வீடு இல்லை," என்றார். மகன் தமிழில் சொன்னான். வேறு வீட்டில் வைத்து ஏமாற்றக்கூடாது என்பதற்காக எழுதிய வரி, வேறு வீடே இல்லாத மனுஷனைப் பொய்யனாக்குகிறது. கோப்பை மூடிக் கொடுத்தேன், வேறொன்றும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பிய மனுக்களில் சில அன்றிரவு ஞாபகத்துக்கு வந்தன.

அந்தச் சட்டம் அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு, 2019 கடைசியில் மாற்றி எழுதப்பட்டது. 2020 மே மாத இறுதியோடு சாதாரண வீடுகளுக்கு இருந்த சலுகை போய்விட்டது. கேரவனுக்கும் லாரிக்கும், உள்ளூர் நிலையம் குறைவாக உள்ள சில பகுதிகளுக்கும் மட்டும் விட்டுவைத்தார்கள். அதுவும் நாட்டின் 210 டிவி வட்டாரங்களுக்கும் உள்ளூர்ச் சானல் தரும் நிறுவனத்துக்குத்தான் அனுமதி. வீடுகளுக்கென்று போட்ட சட்டத்தில் கடைசியில் சக்கரம் வைத்த வீடு மிஞ்சியது.