புதுத் தொழில் தொடங்கினோர் வரலாறும் நம் இளைஞர் கடமையும்

ஒரு சமூகத்தின் உயர்வை அதன் முன்னோர் அணிந்த பட்டங்களைக் கொண்டு அளப்பார் உளர். அவ்வளவுகோல் காலப்போக்கிற் பயனற்றுப் போகும். தம் காலத்திற்கு இன்றியமையாத தொழிலைத் தாமே முயன்று கற்று, அதனைத் தம் மண்ணில் வேரூன்றச் செய்து, பல்லாயிரம் குடும்பங்களுக்குப் பிழைப்பளித்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே நேரிய அளவாம்.

இந்நாளில் புதிய தொழில்நுட்பக் கம்பெனிகளைத் தொடங்க வேண்டும் என்னும் வேட்கை நம் இளைஞரிடையே மிகுந்து வருகின்றது. சென்னையிலும் பெங்களூரிலும் கணிப்பொறி நிறுவனங்களிற் பணியாற்றும் நம் பிள்ளைகள், வத்திராயிருப்புக்கும் கூமாப்பட்டிக்கும் விடுமுறையில் வருங்கால் இதனைப் பற்றியே பேசக் கேட்கின்றோம். கலிபோர்னியாவிற் கம்பெனி தொடங்கிப் பெருஞ்செல்வரானோர் சரிதங்களை அவர்கள் மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர். ஆனால், பிளவக்கலிலிருந்து ஒரு பகற்பொழுதிற் சென்று மீளத்தக்க தொலைவில், நூறாண்டுகட்கு முன் நம்மவர் இருவர் தொடங்கிய தொழிலின் வரலாற்றை அவருட் பலர் அறியார். அதனை ஈண்டுச் சுருங்கக் கூறி, அதனினின்று நாம் கொள்ளத்தக்கவற்றையும் தள்ளத்தக்கவற்றையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாம்.

நம் மலையடிவாரத்தின் இயல்பை நேயர்கள் நன்கறிவர். மேற்குத் தொடர்ச்சி மலையினின்று இழியும் பெரியாறும் கோவிலாறும் 1970-களிற் கட்டப்பட்ட பிளவக்கல் அணைகளில் தேங்குகின்றன. வத்திராயிருப்புப் பக்கத்து வயல்களையும் கண்மாய்களையும் நிரப்புகின்றன. எஞ்சிய நீர் அர்ச்சுனா நதி வழியே கிழக்கு நோக்கிச் செல்கின்றது. மலையருகே நெல்லும் தென்னையும் செழிக்கின்றன. கிழக்கே செல்லச் செல்ல மழை குன்றுகின்றது, வெயில் மிகுகின்றது. அவ்வறண்ட பகுதியிலுள்ளது சிவகாசி. உழவை மட்டும் நம்பி வாழ இயலாத அவ்வூரார் வாணிகத்தை நாடினர். ஈரமற்ற காற்று பயிருக்குக் கேடாயினும், தீக்குச்சி உலர்வதற்கு நல்ல துணையென்பது பின்னாளில் விளங்கிற்று.

1899-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சிவகாசி பெருங்கலகத்திற்கு இலக்காயிற்று. வீடுகள் எரிந்தன; உயிர்களும் மாண்டன. அக்கலகத்தின் காரணங்களை விரித்துரைத்துப் பழம்பகையைக் கிளறுதல் எம் கருத்தன்று. இழப்பிற்குப் பின் நம் முன்னோர் என்செய்தனர் என்பதே நாம் நோக்கற்பாலது. வாணிகச் சரக்கிற்கு இவ்வளவென்று மகமை எடுத்துப் பொதுநிதி சேர்க்கும் வழக்கம் உறவின்முறைகளில் முன்னரே இருந்தது. அந்நிதியினின்று பள்ளிக்கூடங்கள் எழுந்தன. விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், சத்திரிய வித்தியாசாலை 1880-களிலேயே தோன்றியது. 1910-ல் பொறையாற்று இரத்தினசாமி நாடார் முயற்சியால் நாடார் மகாஜன சங்கம் உருவாயிற்று. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பெற்றது. அதுவே 1962-ல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. ஆகவே, 1922-ல் நம்மவர் இருவர் புதுத் தொழில் கற்க வடக்கே இரயிலேறிய காலத்தில், ஏறத்தாழ நாற்பதாண்டுப் பொதுப்பணி அவர்தம் சமூகத்திற்குப் பின்புலமாய் நின்றது.

அவ்விருவர் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஆவர். முதல் உலகப் போர்க் காலம்வரை இந்நாட்டார் பெரும்பாலும் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த தீப்பெட்டிகளையே வாங்கினர். 1922-ல் அரசாங்கம் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் தீர்வை விதித்தது. குரோசென்பது 144 பெட்டிகள். அத்தீர்வையால் உள்நாட்டில் தீப்பெட்டி செய்வது இலாபகரமாயிற்று. இவ்வாய்ப்பைக் கண்டார் பலராயினும், அதற்கென ஊரை விட்டுப் புறப்பட்டார் சிலரே. அவ்விருவரும் கல்கத்தா சென்று, மாதக்கணக்கிற் தங்கித் தொழிலின் நுட்பங்களைக் கற்று, 1923-ல் ஊர் திரும்பித் தொழிற்சாலை தொடங்கினர். ஆளை வைத்துத் தொழில் நடத்திக் கொள்ளலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. குச்சி எம்மரத்தில் நன்றாகும், மருந்து எவ்வளவு குழைய வேண்டும், எவ்வளவு நேரம் உலர வேண்டும் என்பனவற்றைத் தம் கண்ணாலும் கையாலும் அறிந்த பின்னரே முதலைப் போட்டனர். முதலாளியாக விரும்புவோன் முதலில் மாணாக்கனாக வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் அரியது. அவர்கள் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களை வரவழைத்தனர். அவை இவ்வூர்ச் சூழலில் எதிர்பார்த்தபடி பயன்படவில்லை. பெரும்பொருள் கொடுத்து வாங்கிய இயந்திரத்தை விட்டுவிட எவருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் 1920-களின் நடுவில் அவர்கள் இயந்திரத்தை விடுத்துக் கைத்தொழிலுக்கு மாறினர். வறண்ட ஊரிற் பொருள் அரிது. வேலை வேண்டி நின்ற கைகளோ மிகுதி. கட்டை அடுக்குதல், மருந்து முக்குதல், பெட்டி ஒட்டுதல், குச்சி அடைத்தல் எனத் தொழிலைப் பகுத்துக் கொடுத்தனர். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளுக்கே சென்றது. கொண்ட கருத்தினும் கொள்ளும் பயன் பெரிதென்று அறிந்து தம் ஏற்பாட்டைத் திருத்திக் கொண்டமையாலேயே அத்தொழில் பிழைத்தது. அடுத்த ஆண்டுகளில் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினர். ஒரு பெட்டியில் அணிலும் மற்றொன்றிற் காக்கையும் அடையாளமாயின. பிரிவால் தொழில் குன்றவில்லை. இரண்டு மரமாகக் கிளைத்தது.

அக்காலத்தில் அவர்களுக்கு எதிர்நின்ற போட்டியும் சிறிதன்று. உலகெங்கும் தீப்பெட்டி வாணிகத்தைத் தன் கைக்குட்படுத்த முயன்ற சுவீடன் கம்பெனி, இறக்குமதித் தீர்வையைத் தவிர்க்கும் பொருட்டு 1923-ல் விம்கோ என்னும் கம்பெனியை இந்நாட்டிலேயே நிறுவி, சென்னையை அடுத்த திருவொற்றியூர் முதலிய இடங்களில் இயந்திரச் சாலைகளை அமைத்தது. அதனோடு சிவகாசிக் குடிசைத் தொழில் நேர்நின்று நிலைத்தது. 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் ஆயத்தீர்வை வந்தது. கையாற் செய்வோர்க்குப் பிற்காலத்தில் அரசாங்கம் அதிற் சலுகை தந்தது. எனவே, அவ்வெற்றி முழுவதும் தனியொருவர் வீரத்தால் வந்ததென்று கூறுதல் மிகையாகும். காலம் பார்த்து விதித்த தீர்வையும், காத்து நின்ற சலுகையும், பெயர் அறியப்படாத பெண்டிரின் விரல்களும் அதிற் பங்குடையன. பெட்டிக்குச் சீட்டு ஒட்ட வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழில் வந்தது. மருந்தறிவு வளர்ந்தமையாற் பட்டாசுத் தொழில் வந்தது. ஒரு தொழில் மற்றொன்றை ஈன்ற வகை இதுவே.

இப்பாடங்கள் தீப்பெட்டிக்கு மட்டும் உரியனவோ என்று சிலர் ஐயுறலாம். கணிப்பொறித் தொழிலிலும் இவையே நிகழ்ந்தன. தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழி என்னும் சிற்றூரில் 1945-ல் பிறந்த சிவ நாடார், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் கோவை பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்று, வடநாட்டுக் கம்பெனியொன்றிற் கணக்கிடு கருவிப் பிரிவிற் பணியாற்றித் தொழிலறிந்த பின், நண்பர்களுடன் விலகி 1976-ல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். இட்ட முதல் 1,87,000 ரூபாய். முதலிற் சிறு கணக்கிடு கருவிகளை விற்றுப் பெற்ற பொருளைக் கொண்டே கணிப்பொறி ஆக்கத்திற் புகுந்தனர். 1978-ல் ஐ.பி.எம். கம்பெனி இந்நாட்டை விட்டு அகன்றது; அவ்வாண்டிலேயே இவர்தம் சிறுகணிப்பொறி வெளிவந்தது. பிறரிடம் தொழில் கற்றல், சிறிதிற் தொடங்கல், காலத்தின் திருப்பத்தை அறிந்து காத்திருத்தல் ஆகிய மூன்றும் கல்கத்தா சென்ற முன்னோரிடம் கண்டவையே.

நம் அண்டை ஊராகிய இராஜபாளையத்தையும் மறத்தலாகாது. நற்செயல் எக்குலத்தாரிடத்து இருப்பினும் போற்றத்தக்கதே. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936-ல் இராஜபாளையம் மில்லை நிறுவினார். 1957-ல் மதராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனியைப் பதிவு செய்தார். அவர் 1962-ல் மறைந்த பின் மகனார் இராமசுப்பிரமணிய ராஜா தொழிலை விரித்தார். பேரர் வேங்கடராம ராஜா 1990-களில், கம்பெனிகளின் கணக்கு, சரக்கு, சம்பளம் அனைத்தையும் ஒன்றுசேர்த்துக் காட்டும் மென்பொருள் ஆக்கும் துறையிற் புகுந்தார். பஞ்சு ஈட்டியது சிமெண்டை வளர்த்தது. சிமெண்டு ஈட்டியது மென்பொருளைத் தாங்கிற்று. பழைய தொழில் ஈட்டிய பொருளைக் கலியாணப் பந்தலிற் கரைக்காது, பலன் உடனே தாராத புதுத் தொழிலில் இட்டுப் பொறுத்திருந்தமையே அக்குடும்பத்தின் சிறப்பாம்.

இதுகாறும் புகழ்ந்தோம். இனிக் கணக்கின் மறுபக்கத்தைப் புரட்டாது விடுதல் வரலாற்றுக்குச் செய்யும் வஞ்சமாம். பிழைப்புக் கொடுத்த அத்தொழில் பல்லாண்டுகள் சிறுவர் சிறுமியரின் விரல்களையும் கூலிக்குக் கொண்டது. பள்ளிக்கு மகமை கொடுத்த ஊரிலேயே, பொழுது புலருமுன் பிள்ளைகள் கட்டை அடுக்கச் சென்றனர். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசிச் சிறுவரைக் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் தீர்ப்பளித்து, சட்டத்திற்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த ஆணையிட்டது. அத்தீர்ப்பு வருமுன் நம் உறவின்முறைகளே அவ்வாணையைத் தமக்குத் தாமே இட்டிருத்தல் வேண்டும். பட்டாசுத் தொழிலோ இன்னும் உயிர் கொள்கின்றது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆலை ஒரு குலத்தார்க்கு உரியதாயினும், அங்கே கருகிய உடல்கள் எல்லாக் குலத்தார்க்கும் உரியன என்பதை மறவற்க.

தீக்குச்சியின் உலக வரலாறே இதற்கு வழி காட்டுகின்றது. பழைய தீக்குச்சியில் வெண்பாஸ்பரம் சேர்த்தனர். அதன் நஞ்சால் தொழிலாளரின் தாடையெலும்பு அழுகிற்று. 1844-ல் சுவீடன் தேயத்துப் பாஷ் என்னும் அறிஞர், வெண்பாஸ்பரத்தை நீக்கி, அதற்கு மாறாகச் செம்பாஸ்பரத்தைப் பெட்டியின் பக்கத்தில் வைக்கும் முறையைக் கண்டார். நல்வழி கண்ட பின்னரும் முதலாளிகள் அதனை எளிதில் ஏற்றாரல்லர். 1888-ல் இலண்டனில் தீப்பெட்டித் தொழிற்பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1906-ல் பெர்ன் நகரத்து உடன்படிக்கை வெண்பாஸ்பரத்தை விலக்கிற்று. 1913-ல் இந்தியாவும் சட்டத்தால் அதனைத் தடுத்தது. அறுபதாண்டுக் காலம் அறிவு ஒருபுறமும் பழக்கம் ஒருபுறமுமாய் நின்றன. இடையிற் துன்புற்றவர் தொழிலாளரே.

இதனினின்று நம் இளைஞர்க்கு ஒரு பெரும்பணி புலனாகின்றது. வேலையற்ற கைகளுக்கு வேலை தரக் கைத்தொழிலைக் கொண்டமை முன்னோர்க்குத் தகும். இன்று அக்கைகளைக் காக்கும் பொருட்டே இயந்திரத்தைத் திரும்ப அழைக்க வேண்டும். மருந்து கலக்கும் அறையிலும், வெடியில் மருந்து செலுத்தும் மேசையிலும் மனிதன் நிற்க வேண்டாத கருவியொன்றைச் சிற்றாலைக்கும் கட்டுப்படியாகும் விலையிற் செய்து தருவோன், தீப்பெட்டி கொணர்ந்தோர்க்கு எவ்வாற்றானும் குறைந்தவனல்லன். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளை விலக்கிப் புகை குறைந்த பட்டாசுகளுக்கே இடந்தந்தமையால், வேதியியல் கற்றார்க்கும் அங்குப் பணி காத்திருக்கின்றது. வேலை இழப்போர்க்கு மாற்றுத் தொழில் கற்பிப்பதும் அம்முயற்சியின் பகுதியாதல் வேண்டும்.

ஆதலின் இளைஞர்க்கு நாம் கூறுவது: பெயர்ப்பலகை எழுதுமுன் தொழிலைக் கற்றுக் கொள்க. தகாத இயந்திரத்தைத் தள்ள அஞ்சற்க. கூட்டாளியுடன் பிரிய நேரின் பகையின்றிப் பிரிக. பொருள்படைத்தோர்க்குக் கூறுவது: மகமை முற்காலத்திற் பள்ளி கட்டிற்று, இக்காலத்தில் அதில் ஒரு கூறு, புதுக் கருவி செய்யப் புகும் பிள்ளைகளின் முதலிரண்டு தோல்விகளைத் தாங்கட்டும். சங்கத்தார்க்குக் கூறுவது: ஆண்டுதோறும் நாம் பாராட்டும் தொழிலதிபரிடம் இலாபத்தைக் கேட்குமுன், அவ்வாண்டு அவர் சாலையில் எவர்க்கேனும் ஊறு நேர்ந்ததோ என்று கேட்போமாக. அவ்வினாவிற்கு அஞ்சாது விடை பகரும் தொழிலதிபர் நம்மிடையே பெருகுக.