பன்னிரண்டு கோரிக்கைகள் பிறந்த கதை

தோட்ட மேலாளரான துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். அவர் கடந்து போகும்வரை ஓரமாகத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எழுத்தரான கிராணி வந்தாலும் அதே மரியாதை. சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் அன்று இதுதான் நடைமுறை. 1941இல் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் முன்வைத்த 12 கோரிக்கைகளில், இறங்காமல் சைக்கிள் ஓட்டிச் செல்லும் உரிமையும் ஒன்று.

1930களின் மந்தத்தில் தோட்டச் சம்பளம் வெட்டப்பட்டது. பிறகு போர் வந்து ரப்பருக்குக் கிராக்கி ஏறியும், தமிழனுக்குக் கிடைத்தது சீனத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவு. ஆகவே சம கூலி கேட்டார்கள். ஆனால் பட்டியல் கூலியோடு நிற்கவில்லை. 10, 12 மணி நேர வேலை ஒழிய வேண்டும். அடித்து உதைக்கும் மேலாட்களை நீக்கிவிட்டுத் தமிழ் தெரிந்தவர்களைப் போட வேண்டும். வெள்ளைத் துரைகளும் கறுப்புத் துரைகளும் எங்கள் பெண்கள்மீது கைவைப்பது நிற்க வேண்டும். நல்ல பள்ளிக்கூடம், மருத்துவம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். ஒவ்வொரு வரியும் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாரோ ஒருவர் பட்ட அடி.

என்னை உலுக்குவது இன்னொரு வரி: குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். பிள்ளையின் தோட்டப் பள்ளிக்கூடமும் போகும். அந்தப் பயத்தோடுதான் அவர்கள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாய் திறந்தார்கள்.

சங்கத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றியவர். 1941 மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். அதை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டி கோல சிலாங்கூர் பக்கமும் பரவ, சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் படையை இறக்கினார்கள். தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். டிசம்பரில் ஜப்பானியர் வந்திறங்க, பின்னர் எத்தனையோ தோட்டத்து ஆண்கள் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை.

கேட்டவை மெல்ல மெல்லத்தான் சட்டமாயின. பி.பி. நாராயணனின் தலைமையில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954இல் உருவானது. 1955இல் வேலைச் சட்டம், 1967இல் தொழில் உறவுச் சட்டம். வார வேலை நேரம் 45 மணியாகக் குறைந்ததும், பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலையிடத்தில் ஒட்ட வேண்டும் என்றானதும் 2023 ஜனவரியில்தான். 1941இல் கேட்டது!

இன்று அதே சிலாங்கூரில், செரண்டாவைச் சுற்றிலும் தொழிற்பேட்டைகள். பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள். ஓவர்டைமுக்கு மறுத்தாலோ சூப்பர்வைசர்மீது புகார் சொன்னாலோ வேலை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தகுந்த காரணமின்றி நிறுத்தினால், வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிடுங்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று நிரூபித்தால், தொழில் நீதிமன்றம் அதையும் பணிநீக்கமாகவே எடுத்துக்கொள்ளும். தாளை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.