மாத்திரைக்குத் திறந்த கதவு, சிகிச்சைக்குப் பூட்டு: அமெரிக்க ஓபியாய்டு இறப்புகள் குறித்து ஒரு மறுபார்வை

1. சிக்கல்

அபினியிலிருந்து பெறப்படுபவையும் அதைப்போல் செயல்படச் செயற்கையாகத் தயாரிக்கப்படுபவையுமான வலிநீக்கிகளை ஓபியாய்டு என்கிறோம். அமெரிக்க மருத்துவர்கள் 2012-இல் எழுதிய ஓபியாய்டுச் சீட்டுகள் ஏறத்தாழ 25.5 கோடி, அதாவது நூறு பேருக்கு 81 சீட்டுகள். 2020-இல் இந்த விகிதம் 43 ஆகக் குறைந்தது. அதே காலத்தில், மருந்தோ போதைப்பொருளோ அளவு மிஞ்சி இறந்தவர்களின் எண்ணிக்கை 41,502-இலிருந்து 91,799 ஆக உயர்ந்தது. 2020-ஆம் ஆண்டு இறப்புகளில் 68,630 ஓபியாய்டு தொடர்பானவை. சீட்டு ஏறக்குறையப் பாதியாயிற்று; சாவு இரு மடங்காயிற்று.

மாத்திரை பெருகியதால் சாவு பெருகியது, எனவே மாத்திரையைக் குறைத்தால் சாவும் குறையும் என்ற கணக்கை இந்த எண்கள் பொய்யாக்குகின்றன. அக்கணக்கின் முதற்பாதி சரி. அடிமைப்பட்டுவிட்டவர் மாத்திரை நின்றபின் எங்கே போவார் என்று கேட்காததே அதன் பிழை. அடிமையாக்கும் மருந்தை எளிதாக்கிய சட்டமே அதற்கான சிகிச்சையை அரிதாக்கியது என்பதும், இறப்புகள் பெருகியதில் இந்த முரணுக்குப் பெரும் பங்குண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. ஐந்து வாக்கியக் கடிதம்

1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் ஆகிய இருவரும் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் எழுதினர். மருத்துவமனையில் ஓபியாய்டு பெற்ற 11,882 நோயாளிகளில் நால்வர் மட்டுமே அடிமையானதாகப் பதிவாகியிருந்தது என்பது அதன் சாரம். மருத்துவமனைக் கட்டிலில், கண்காணிப்பில் தரப்பட்ட மருந்தைப் பற்றிய செய்தி அது. மாதக்கணக்கில் வீட்டில் விழுங்கும் மாத்திரைகளுக்கு அது பொருந்தாது. ஆயினும் அக்கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளில் ஐந்தில் நான்கு பங்கு, அந்நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதைக் குறிப்பிடவில்லை என 2017-இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது.

பர்டியூ பார்மா நிறுவனம் 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அடிமையாகும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே அதன் விற்பனைப் பேச்சாக இருந்தது. முதலாண்டில் 4.8 கோடி டாலராக இருந்த விற்பனை, 2000-இல் ஏறத்தாழ 110 கோடி டாலரைத் தொட்டது. மருந்தைத் தவறாக விளம்பரப்படுத்தியதாக 2007-இல் அதன் இணை நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது; 2020-இல் பர்டியூ பார்மாவே குற்றங்களை ஒப்புக்கொண்டது.

3. அடைத்த வாசலும் மாற்று வழியும்

நசுக்கி உறிஞ்சவோ ஊசியில் ஏற்றவோ எளிதில் இயலாதவாறு ஆக்ஸிகான்டின் 2010-இல் மாற்றி அமைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் ஹெராயின் சாவுகள் விரைந்து பெருகின. 2013 முதல் கள்ளச் சந்தையில் ஃபெண்டானில் என்ற செயற்கை ஓபியாய்டு புகுந்தது. மருந்துக்கடை மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்பது அட்டையிலேயே இருக்கும். கள்ளச் சந்தைப் பொடியில் என்ன இருக்கிறது என்பதை விற்பவனே அறியான்.

இதன் உடலியலும் எளிதே. ஓபியாய்டு மூளைத்தண்டிலுள்ள மூச்சு மையத்தை மந்தமாக்குகிறது. தொடர்ந்து உட்கொள்ளும் உடல் அதைத் தாங்கப் பழகுகிறது. சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. ஆசை மட்டும் போவதில்லை. பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிறைவாசம் பலருக்கு அப்படியொரு இடைவெளி. வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானோர் முதல் இரு வாரங்களில் அளவு மிஞ்சி இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களைவிட 129 மடங்கு என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. நச்சை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவது சிகிச்சை ஆகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

4. சட்டம் வைத்த பூட்டு

அடிமைப்பட்டவருக்கு ஓபியாய்டைத் தொடர்ந்து எழுதித்தருவது மருத்துவத் தொழிலின் பாற்படாது என்று 1919-இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1960-களின் நடுவில் நியூயார்க்கில் மருத்துவர்கள் வின்சென்ட் டோலும் மேரி நிஸ்வாண்டரும், மெதடோன் என்ற ஓபியாய்டைத் தொடர்ந்து தரும் பராமரிப்பு அடிமைப்பட்டவருக்குப் பயனளிப்பதைக் காட்டினர். ஆயினும் அம்மருந்து தனிக் கிளினிக்குகளுக்குள் அடைக்கப்பட்டது. வலிக்கு என்றால் மெதடோனைத் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கலாம். அடிமை நோய்க்கு என்றால் அதே கடை தரலாகாது.

2002-இல் பியூப்ரெனார்பின் என்ற இன்னொரு ஓபியாய்டுக்கு அடிமை நோய்ச் சிகிச்சைக்கான அனுமதி கிடைத்தது. ஓர் எல்லைக்கு மேல் இது மூச்சை மேலும் மந்தமாக்குவதில்லை என்பதால், ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. ஆனால் இதை எழுத விரும்பிய மருத்துவர் எட்டு மணி நேரத் தனிப்பயிற்சி பெற்று, மேற்சொன்ன தடையிலிருந்து அரசிடம் விலக்கும் பெறவேண்டியிருந்தது. தொடக்கத்தில் ஒரே நேரத்தில் 30 பேருக்கு மேல் சிகிச்சை தரவும் தடை. ஆக்ஸிகான்டினில் உள்ள ஆக்ஸிகோடோனை எழுத இவற்றில் ஒன்றும் தேவையில்லை. விலக்கு முறை 2022 டிசம்பரில்தான் நீங்கியது. 2021-இல் ஓபியாய்டு அடிமை நோயுற்றோரில் மருந்துச் சிகிச்சை பெற்றவர்கள் ஐந்தில் ஒருவருக்குச் சற்றே மேல்.

5. ஃபிரான்ஸ் சென்ற வழி

ஃபிரான்ஸ் 1995-இல் எதிர்வழியில் சென்றது. பொது மருத்துவர் எவரும், தனிப்பயிற்சி இன்றியே பியூப்ரெனார்பின் எழுதலாம் என்றாயிற்று. 1999-க்குள் அளவு மிஞ்சிய இறப்புகள் 79 விழுக்காடு குறைந்தன. மெதடோனும் தூய ஊசி வழங்கும் திட்டங்களும் அப்போதே விரிந்தன. ஆகவே முழுப் பயனையும் ஒரு மருந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் பல நாடுகளின் நோயாளிகளைத் தொகுத்து ஆராய்ந்த 2017-ஆம் ஆண்டு ஆய்வும் அதே திசையைத்தான் காட்டுகிறது. மெதடோன் சிகிச்சையில் இருந்தோரில் ஆண்டுக்கு ஆயிரவருக்கு 11 பேர் இறந்தனர். அதைவிட்டு விலகியோரில் 36 பேர்.

6. மறுப்புகள்

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே என்பது பழைய மறுப்பு. உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பது வேறு, வாழ்க்கை முழுவதும் அதைத் தேடி அலைவதில் கழிவது வேறு. இன்சுலினைச் சார்ந்திருப்பவரை நாம் அடிமை என்பதில்லை. மருந்து கள்ளச் சந்தைக்குக் கசியும் என்ற மறுப்பில் உண்மையுண்டு, ஃபிரான்ஸிலும் கசிந்தது. ஆனால் ஃபெண்டானில் ஏற்கெனவே ஓடும் தெருவில் பியூப்ரெனார்பின் கசிவது சிறிய தீங்கே.

விலக்கு முறை நீங்கிய பின்னரும் சிகிச்சை பெறுவோர் தொகை உடனடியாகப் பெரிதும் உயரவில்லை என்பதே வலுவான மறுப்பு. இது என் வாதத்தை முறிக்கவில்லை, திருத்துகிறது. பூட்டைக் கழற்றினாலும் இருபதாண்டு பழகிய தயக்கம் மருத்துவர் மனத்திலும் மருந்துக்கடையிலும் எஞ்சி நிற்கிறது.

7. முடிவுரை

அமெரிக்காவில் 2023-இல் 1,05,007 ஆக இருந்த அளவு மிஞ்சிய இறப்புகள் 2024-இல் ஏறத்தாழ 80,000 ஆகக் குறைந்தன. மூச்சை மீட்கும் நாலாக்சோன் சீட்டின்றிக் கிடைப்பதும், தெருச்சரக்கில் நேர்ந்த மாற்றமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன; ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. குறைந்த பின்னும் இது 2012-ஆம் ஆண்டு எண்ணிக்கையின் இரு மடங்கை நெருங்குகிறது. எழுதிய சீட்டுகளை எண்ணுவதோடு கொள்கை நின்றுவிடலாகாது. ஒரு சீட்டு நிறுத்தப்படும்போது அந்நோயாளி எந்தச் சிகிச்சையில் சேர்ந்தார் என்பதையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருக்கும்வரை, சீட்டுகள் குறைந்ததை வெற்றி என்று கொள்வதற்கில்லை.